அங்கிள் என்றால் யார்?

ஆங்கிலத்தை முதன்முதலாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு எது சுலபமான பாடம் என்று கேட்டால், 'மை ஃபேமிலி' என்றுதான் பலரும் சொல்வார்கள். சுவரில் ஒரு படம் தொங்கும். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, நாற்காலியில் தாத்தா, பாட்டி. ஆசிரியர் குச்சியால் தொட்டுக் காட்ட, வகுப்பே ஃபாதர், மதர் என்று கத்தும். பத்து நிமிடத்தில் பாடம் முடிந்தது! உண்மையில் தொடக்க வகுப்பில் இதைவிடக் கஷ்டமான பாடம் வேறு இல்லை.

கள்ளக்குறிச்சியில் வளரும் ஒரு குழந்தைக்குப் பள்ளிக்கு வருமுன்பே 'அங்கிள்' தெரியும். மளிகைக் கடைக்காரர் அங்கிள், ஆட்டோ ஓட்டுபவர் அங்கிள். அதாவது, உறவில்லாத ஆண் எல்லாம் அங்கிள். வகுப்பிலோ மாமாதான் அங்கிள் என்கிறார்கள். பெரியப்பாவும் அவரே, சித்தப்பாவும் அவரே. மாமன் மகளும் சித்தப்பா மகளும் ஒரே 'கசின்'. தமிழில் ஒரு பையனுக்கு முதலாமவள் கட்டிக்கொள்ளும் முறை, அடுத்தவள் அக்கா தங்கை முறை. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் 1871-ல் வெளியிட்ட உறவுமுறை பற்றிய பெரிய நூலில், தமிழர் முறையும் அமெரிக்கப் பூர்வகுடிகளான இரோகுவா மக்களின் முறையும் ஒத்திருப்பதைக் காட்டினார். (அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. மிஷனரிகள் எழுதி அனுப்பிய சொற்களை வைத்தே இத்தனையும்.)

இதெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாம், ஆசிரியருக்கு வேண்டும். பிள்ளை தயங்குவது மந்தத்தால் அல்ல, நான்கைந்து உறவுகளை ஒரே சொல்லுக்குள் திணிக்க முடியாததால். தொடக்கத்தில் 'மை அத்தை', 'மை சித்தப்பா' என்று சொல்ல விட்டால் என்ன குடி முழுகிவிடும்? சகலையை 'கோ-பிரதர்' என்று ஆக்கி ஆங்கிலத்தையே வளைத்தவர்கள்தானே நம் பெரியவர்கள்!

உணர்ச்சிச் சொற்களின் சிக்கல் வேறு மாதிரி. தமிழில் கோபம் 'வருகிறது', பசி 'எடுக்கிறது', பயம் 'எனக்கு' இருக்கிறது. ஆங்கிலத்திலோ ஐ ஆம் ஆங்கிரி, ஐ ஆம் ஹங்கிரி என்று எல்லாவற்றுக்கும் 'ஐ ஆம்'தான். 'டு மீ ஆங்கர் கமிங்' என்று ஒரு பிள்ளை சொன்னால், அது தமிழை ஒழுங்காகத் தெரிந்துகொண்ட பிள்ளை என்று அர்த்தம். தனிச் சொல்லாக மனப்பாடம் செய்ய வைக்காமல் முழு வாக்கியமாகவே பழக்கினால் தீர்ந்தது.

ஆனால் எந்த உணர்ச்சிகளை முதலில் சொல்லித் தருவது? படத்தில் இருப்பவை சிரிக்கும் முகம், அழும் முகம், முறைக்கும் முகம். கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பலர் (பெயரைப் பார்த்துக் கேரளம் என்று எண்ண வேண்டாம், அவர்கள் பேசுவது தமிழ்) அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். பெற்றோர் வேலை தேடி வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் போய்விடும் வீடுகளும் அங்கே உண்டு. விடுதியில் படுத்துறங்கும் சின்னப் பிள்ளைக்கு 'ஐ ஆம் ஹாப்பி'யைவிட 'ஐ மிஸ் மை அம்மா' அல்லவா முதலில் வேண்டும்? ஹவ் ஆர் யூ என்று கேட்டால் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையும் 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ' என்கிறது. அதை ஒன்றைத்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்!

மலையடிவாரத்துக்கு வந்தால் இன்னொன்று. 2024 ஜூனில், பள்ளிகள் திறந்து சுமார் பத்து நாளே ஆன நேரத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்பாவை இழந்த பிள்ளைகள் உண்டு, இருவரையும் இழந்தவர்களும் உண்டு. அந்த ஊர் வகுப்பறைச் சுவரில் அதே படம் தொங்கினால், 'திஸ் இஸ் மை ஃபாதர்' என்று கத்தும்போது அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

அந்தப் பேச்சையே எடுக்காமல் விடலாமே என்பார்கள் சிலர். படம் தொங்கும்வரை பேச்சும் இருக்கத்தான் செய்யும். படத்தைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுக்கலாம். வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களைப் பிள்ளையே வரையட்டும். யாரை வரையவில்லை என்று துருவ வேண்டாம். பிறகு அந்தத் தாளை வைத்து 'ஹூ இஸ் அட் ஹோம்?' என்று கேட்கலாம். 'ஐ லிவ் வித் மை பாட்டி' என்று பதில் வந்தால், அது பிழையில்லாத ஆங்கிலம்.