மாட்யூல் போச்சு என்று சொல்லும் முன்

கம்பம் பள்ளத்தாக்கில் இன்று பட்டறைக்கு வரும் ‘பழைய பிக்கப்’ பெரும்பாலும் மெக்கானிக்கல் பம்பு வண்டி அல்ல. பிஎஸ்-4 விதி 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் கட்டாயமானது. அதையொட்டி வந்த பொலிரோ பிக்கப்பும் அதன் வகையறாக்களும் காமன் ரெயிலோடும் இசிஎம்மோடும் இறங்கின. அந்த வண்டிகள் இப்போது கடன் முடிந்து, கை மாறி, மறுபடியும் கை மாறி, சின்னமனூர் வாழைத்தாரையும் கம்பம் பன்னீர் திராட்சையையும் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறிக்கொண்டிருக்கின்றன. இன்ஜின் இன்னும் லட்சம் கிலோமீட்டர் தாங்கும். ஒயரிங்தான் களைத்துப்போயிருக்கிறது.

நம்மிடம் வரும் புகார் ஏறக்குறைய ஒன்றேதான். மேட்டில் லோடோடு ஏறும்போது பட்டென்று அணைந்துவிடுகிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேனரைச் சொருகினால் சில நேரம் பேசுகிறது, சில நேரம் பேசுவதில்லை. பேசாத நேரத்தில் பார்த்தவர் சொல்லும் தீர்ப்பு: “மாட்யூல் போச்சுண்ணே.” வண்டிக்காரருக்கு மறுநாள் லோடு காத்திருக்கிறது. “மாத்தி விடுங்க, பாத்துக்கலாம்” என்கிறார். எங்கிருந்தோ ஒரு பழைய மாட்யூல் வருகிறது. வண்டி ஓடுகிறது. அடுத்த வாரமே போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் அதே வண்டி மறுபடி நிற்கிறது.

நடந்தது இவ்வளவுதான். மாட்யூலை மாற்றுவதற்காகக் கப்ளரைக் கழற்றி மாட்டியதில் பச்சை பிடித்த பின் கொஞ்சம் உரசிச் சுத்தமானது. அதனால்தான் வண்டி ஓடியது. மாட்யூல் முன்பும் நன்றாக இருந்தது, பின்பும் நன்றாக இருந்தது.

எர்த்தைப் பார்க்காமல் இசிஎம்மைக் குற்றவாளியாக்குவது நம் தொழிலில் பரவிவிட்ட கெட்ட பழக்கம். மீட்டர் இல்லாத பட்டறை இன்று இல்லை. அதை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் தகராறு. சப்ளை வயரில் மீட்டரை வைத்து 12.4 வந்துவிட்டால் ‘கரன்ட் வருது’ என்று நகர்ந்துவிடுகிறோம். வயரில் உள்ள இழைகளில் ஒன்றே ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் அதே 12.4-ஐத்தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரன்ட் இழுப்பதில்லை. லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும். இசிஎம் கப்ளரைக் கழற்றி, சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றைக் கொடுத்தால் அது பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் ஒயரிங்கில் குறை. இதில் ஒரு கவனம்: பெரும்பாலான வண்டிகளில் மெயின் ரிலேயை இழுப்பதே இசிஎம்தான். கப்ளர் கழன்றிருக்கும்போது ரிலே இழுக்காது. ரிலே சாக்கெட்டில் 30-க்கும் 87-க்கும் ஜம்பர் போட்ட பிறகே இந்தச் சோதனை செல்லும். தடித்த புரோபைப் பின்னுக்குள் திணிப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். பின் அகன்றுவிட்டால் அந்தக் கோளாறு நாம் உண்டாக்கியது.

அடுத்தது எர்த் ட்ராப். கப்ளரை மாட்டி, சாவியை ஆன் செய்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கட்டையிலும் மறுமுனையை இசிஎம் எர்த் வயரின் பின்புறத்திலும் வைத்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் எர்த் போல்ட்டைத் தேடுங்கள். வெளியே பார்க்க இறுக்கமாகத்தான் இருக்கும். கழற்றிப் பார்த்தால் லக்குக்கு அடியில் பெயின்ட்டும் துருவும் பச்சைக் களிம்பும் சேர்ந்து ஒரு தகடு போல ஒட்டியிருக்கும். உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவினால் பாதி ‘மாட்யூல் கோளாறுகள்’ அங்கேயே முடிந்துவிடும்.

இந்தப் பக்கத்து வண்டிகளில் இது அதிகம். காலையில் போடியின் வெயில், மதியம் மேட்டில் சாரலும் பனிமூட்டமும், மாலையில் மறுபடி வெயில். சூடான கப்ளர் குளிரும்போது ஈரத்தை உள்ளே இழுக்கிறது. வயரின் உறைக்குள் புகுந்த தண்ணீர் இழைகள் வழியாகவே ஊர்ந்து இசிஎம் பின்வரை போய்விடும். தோட்டத்துக்குப் பொட்டாஷ் மூட்டையும் மயில்துத்தமும் ஏற்றும் வண்டியில் சிந்துவதெல்லாம் உப்பு. அது சேஸிஸில் இறங்கி எர்த்தைத் தின்கிறது. தென்னந்தோப்பில் ஒரு வாரம் நின்ற வண்டியில் எலி வேறு.

5 வோல்ட்டையும் மறந்துவிடக் கூடாது. ரெயில் பிரஷர் சென்சாருக்கோ ஆக்சிலரேட்டர் பெடலுக்கோ 5 வோல்ட் வரவில்லை என்றால் உடனே இசிஎம் செத்ததாக அர்த்தமில்லை. அந்த லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, உள்ளே ஷார்ட் ஆனது அதுதான். கேன் லைன் சந்தேகம் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் 6-க்கும் 14-க்கும் நடுவே ஓம் பாருங்கள். சுமார் 60 வர வேண்டும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் மாட்யூல் உண்மையிலேயே போயிருக்கலாம். போகத்தான் செய்கிறது. ஆனால் காரணம் தெரியாமல் அடுத்ததை மாட்டாதீர்கள். கூண்டு கட்டும் இடத்தில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் வெல்டிங் அடித்தார்களா என்று கேளுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள். ஆல்டர்நேட்டர் 15 வோல்ட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். சோலினாய்டு இன்ஜெக்டர் என்றால் நான்கின் ஓம் மதிப்பையும் ஒப்பிடுங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாக, நான்கும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். எதிலும் பாடியோடு தொடர்பு இருக்கக் கூடாது. இன்ஜெக்டர் வயர் எங்கோ உரசி பாடியில் பட்டுக்கொண்டிருந்தால், மாற்றிய மாட்யூலின் டிரைவரும் அதே வழியில்தான் போகும்.

மாற்றும் வேலையில் கப்ளரை மாட்டுவது கடைசிப் பத்து நிமிடம். மேலே அச்சடித்த ஹார்டுவேர் எண் ஒன்றாக இருந்தாலும் சாஃப்ட்வேர் எண் வேறாக இருக்கலாம். பழைய மாட்யூலில் இம்மொபிலைசர் ரகசியம் இருக்கிறது, சேஸிஸ் எண் இருக்கிறது, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் உரிய திருத்தக் குறியீடு இருக்கிறது. இவற்றைப் படித்தெடுத்துப் புதியதில் ஏற்றாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம், அல்லது தட்டிக்கொண்டும் புகைத்துக்கொண்டும் ஓடும். குளோன் செய்பவர் ‘கூடவே இஜிஆரையும் ஆஃப் பண்ணிடவா, நல்லா இழுக்கும்’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். புகைச் சான்றிதழில் மாட்டப்போவது வண்டிக்காரர்.

கருவி நமக்குக் கிடைப்பதில்லை என்ற குறை நியாயமானது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்து, உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பட்டியலில் மஹிந்திராவும் டாடாவும் இருந்தன. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. ஆனால் உத்தமபாளையத்தில் இருக்கும் பட்டறைக்காரர் ஓர் இம்மொபிலைசரைப் பதிவுசெய்ய இன்றும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது. நம் சங்கங்கள் இதைப் பேச வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும்.

ஆனால் மீட்டரும் பல்பும் பிடிக்க எந்தக் கம்பெனியின் அனுமதியும் தேவையில்லை. அதை நாம் செய்யாததற்குக் காரணம் கூலி. எர்த் போல்ட்டைத் தேய்த்து வண்டியை ஓட வைத்தவருக்கு டீக்காசு கிடைக்கிறது, மாட்யூல் மாற்றியவருக்கு ஆயிரக்கணக்கில் பில் போட முடிகிறது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் நாம் பணம் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம். இரண்டு மணி நேரம் வயர் வயராகப் பார்த்ததற்கு மட்டும் ஏன் கேட்கக் கூசுகிறோம்? வண்டியை உள்ளே விடும்போதே தொகையைச் சொல்லிவிட்டால் சண்டை வராது. சிலர் அடுத்த பட்டறைக்குப் போவார்கள், போகட்டும்.

பில்லில் ‘மின் ஆய்வு’ என்று தனி வரி போடுங்கள். அதன் கீழே எர்த் ட்ராப், 5 வோல்ட் அளவு, இன்ஜெக்டர் ஓம் ஆகியவற்றைப் பேனாவால் குறியுங்கள். மாட்யூலை மாற்றியிருந்தால் பழையதன் எண்ணையும் எழுதி, அதை வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். படித்தெடுத்த ஃபைலின் நகல் மட்டும் வண்டி எண் போட்டு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.