வாகைக்குளத்து விமானத்துல உளுந்து ஏறுமா?

வாகைக்குளம் விமான நிலையத்தைப் பத்தி யார் பேசினாலும், "விவசாயிகளுக்கும் பிரயோஜனம், விளைபொருள் வெளிநாட்டுக்குப் பறக்கும்"னு கடைசியில ஒரு வரி சேத்துக்கிடுதாங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு.

விமான நிலையம் வேண்டாம்னு நான் சொல்லல. 2025 ஜூலை 26-ல பிரதமர் புது முனையத்தைத் திறந்து வச்சார். செலவு சுமார் 450 கோடி. 1,350 மீட்டரா இருந்த ஓடுபாதை இப்போ 3,115 மீட்டர். இதைப் பன்னாட்டு நிலையமா ஆக்கணும்ங்கிறதும் நியாயமான ஆசைதான். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போற நம்ம பிள்ளைக மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலையுதாங்க. அவங்களுக்காகக் கேளுங்க, நானும் கூட வாரேன். சம்சாரி பேரைச் சொல்லிக் கேக்காதீங்க.

விமானத்துல ஏத்துற சரக்குன்னா ஒருநாள் தாமதிச்சா வீணாப் போறதா இருக்கணும். மல்லிகைப்பூ, மீன், நண்டு மாதிரி. கரிசக்காட்டுல விளையுறது என்ன? உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், பருத்தி, வத்தல். அத்தனையும் காய்ஞ்ச சரக்கு. மக்காச்சோளத்தை விமானத்துல அனுப்புனா சோளத்து விலையை விடக் கூலி கூடிரும். நம்ம சீமையில இருந்து காலங்காலமா வெளிநாடு போற நிலாவாரை இலைகூடக் கப்பல்லதான் போகுது. 2020-ல புவிசார் குறியீடு வாங்குன கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கும் அவசரம் ஒண்ணும் கிடையாது.

விளைபொருளை விமானத்துல அனுப்ப மத்திய அரசு 2020-ல கிருஷி உடான்னு ஒரு திட்டம் கொண்டுவந்துச்சு. அது முக்கியமா வடகிழக்கு மாநிலங்களையும் மலைப்பகுதிகளையும் பாத்துப் போட்டது. ரோடு சரியில்லாத இடத்துக்கு அது சரி. நமக்கு நாலுவழிச் சாலை ஊரை ஒட்டியே ஓடுது, தூத்துக்குடியில துறைமுகமே இருக்கு.

நம்ம சரக்கு தடுமாறுறது அதுக்கு முன்னாடி, காட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவுல. உளுந்தைக் காயப்போட எங்க ஊர்ல ஒழுங்கான களம் இல்ல. தார் ரோட்டுல பரப்பி வச்சு, பஸ் வந்தா ஒதுங்கி நிக்கோம். வச்சு விக்கக் கிட்டங்கி இல்ல. 2025-26-க்கு உளுந்துக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அறுத்த மறுநாளே காசு வேணும்னு நிக்கிறவனுக்கு அந்த விலை பேப்பர்லதான். வியாபாரி சொல்றதுதான் விலை. 2023 டிசம்பர் 17, 18-ல பேஞ்ச பேய்மழையில நின்ன பயிரெல்லாம் அழுகுச்சே, அப்பவும் நம்ம பாடு இதே பாடுதான். காட்டுப்பன்னிக் கதையைத் தனிப் பதிவா எழுதணும்.

இலங்கையில மத்தளன்னு ஒரு ஊர். சீனக் கடன் வாங்கி 2013-ல அங்க ஒரு பன்னாட்டு விமான நிலையம் திறந்தாங்க. விமானம் சரியா வரல. 2015-ல அதோட சரக்குக் கிடங்குல நெல்லு மூட்டையை அடுக்கி வச்சாங்க. உலகமே சிரிச்சுச்சு. எனக்கு மட்டும் பொறாமையா இருந்துச்சு. எப்படியோ அங்க சம்சாரி நெல்லுக்கு ஒரு கிட்டங்கி கிடைச்சிருச்சே!

450 கோடியில நூத்துல ஒரு பங்குன்னாலே நாலரைக் கோடி. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் எத்தனை ஊருக்குச் சிமெண்டுக் களம் போடலாம்னு நீங்களே கணக்குப் பாருங்க. ஜனவரி 26 கிராமசபையில களமும் கிட்டங்கியும் கேட்டு உங்க ஊர்லயும் தீர்மானம் போடுங்க. எங்க ஊர்ல மனு எழுதியாச்சு, கையெழுத்து வாங்கிட்டு இருக்கோம்.