விலை கூடிய எண்ணெய், தேய்ந்த கேம்

தைப்பிங்கிலிருந்து ஓர் இளைஞர் போன வாரம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். தொழிற்சாலையில் பொறியாளர் வேலை. தாத்தா விட்டுப்போன டாட்சன் 120ஒய் காரை இரண்டு வருடமாகச் சேர்த்த பணத்தில் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். என்ஜினைத் திறந்ததுதான் திறந்தாயிற்று, சும்மா மூடுவானேன் என்று ‘ஹை கேம்’ ஒன்றையும் அதற்கேற்ற கடினமான வால்வு ஸ்பிரிங்குகளையும் போட்டிருக்கிறார். கேள்வி இதுதான்: “அண்ணா, காசைப் பார்க்காமல் கடையிலேயே விலை கூடிய 5டபிள்யூ-30 ஃபுல்லி சிந்தெட்டிக் வாங்கிவிட்டேன். சனிக்கிழமை ஸ்டார்ட் செய்யப்போகிறேன். சரிதானே?”

வழக்கமாக இந்தப் பக்கத்தில்தான் பதில் சொல்வேன். இதற்கு மட்டும் அன்றிரவே போன் எடுத்து, “தம்பி, சாவியைத் தொடாதீங்க” என்றேன். அதே காரில் அதே வகை எண்ணெயை ஊற்றி, ஒரு மாதச் சம்பளத்தைத் தொலைத்தவன் நான்.

2012-இல் நடந்தது. எங்கள் வீட்டு 120ஒய்க்கு நானும் ஹை கேம் போட்டேன். அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டு ஸ்டோரில் எப்போதும் 15டபிள்யூ-40 லோரி எண்ணெய் ஒரு டின் இருக்கும். புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து கதவுக் கீல் வரை எல்லாவற்றுக்கும் அதுதான். “இதையே ஊத்துடா. கெட்டியா இருக்கும், தாங்கும்” என்றார். நான் சிரித்தேன். “அப்பா, அது டீசல் வண்டிக்கு. இப்பெல்லாம் எண்ணெய் எவ்வளவோ மாறிடுச்சு” என்று சொல்லி, அப்போது புதிதாக வந்திருந்த ‘எஸ்என்’ தர எண்ணெயை வாங்கிவந்தேன். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. டின்னை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முதல் ஸ்டார்ட் ஞாயிற்றுக்கிழமை காலை. வரிசை வீடு; சைலன்சர் சத்தமோ அதிகம். பக்கத்து வீட்டு மாக்சிக் எட்டிப் பார்த்ததும் எனக்குக் கூச்சம். என்ஜினை ஐடிலில் விட்டு, கார்புரேட்டரைத் திருகித் திருகிச் சத்தத்தைக் குறைக்கப் பார்த்தேன். கால் மணி நேரம் அப்படியே ஓடியது. 300 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, டிக் டிக் என்று ஒரு சத்தம். வால்வு இடைவெளியைச் சரிசெய்தால் இரண்டு நாளில் மறுபடியும் அகன்றுவிடும். போமன் என்ஜினைக் கழற்றிக் காட்டினார். கேமின் இரண்டு மேடுகள் உருண்டையாகத் தேய்ந்திருந்தன. அவற்றின் டேப்பட்டுகளின் அடிப்பாகம் குழிந்து கிண்ணம்போல் ஆகியிருந்தது. தேய்ந்த இரும்பெல்லாம் தூளாகி எண்ணெயோடு சுற்றியதில் பேரிங்குகளிலும் கீறல்.

120ஒய்யின் ஏ12 என்ஜின் 1,171 சிசி. கேம் பிளாக்குக்குள்ளேயே இருக்கிறது. அதன்மேல் எட்டு டேப்பட்டுகள். டேப்பட்டின் அடி பார்ப்பதற்குத் தட்டைதான், ஆனால் உண்மையில் மிக மிக இலேசாகப் புடைத்திருக்கும். கேமின் மேடும் துளியளவு சாய்வாகக் கடையப்பட்டிருக்கும். அதனால் மேடு தள்ளும் ஒவ்வொரு முறையும் டேப்பட் தன்னைத்தானே கொஞ்சம் சுழற்றிக்கொள்ளும். அந்தச் சுழற்சி நின்றால் ஒரே இடம் உரசும். அதோடு கதை முடிந்தது. இரண்டும் தொடும் இடம் நூலளவுதான். வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுவதும் அந்த நூலளவு இடத்தில் இறங்குகிறது. ஹை கேம் போட்டால் மேடு உயரமாகிறது, ஸ்பிரிங் கடினமாகிறது, அழுத்தமும் கூடுகிறது. எவ்வளவு கெட்டியான எண்ணெயாக இருந்தாலும் அங்கே நசுங்கி வெளியேறிவிடும்.

அப்படியானால் இரும்பைக் காப்பாற்றுவது எது? எண்ணெயில் கலந்திருக்கும் ஒரு சேர்மம். துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்தது. போமன்கள் சுருக்கமாக ‘சிங்க்’ என்பார்கள். சூடும் அழுத்தமும் ஏறும் இடத்தில் அது வினைபுரிந்து, இரும்பின்மேல் கண்ணாடிபோல ஒரு மெல்லிய படலம் போடும். அந்தப் படலம்தான் தேய்கிறது, பிறகு மறுபடியும் உருவாகிறது. இரும்பு தப்பிக்கிறது.

பின் ஏன் எண்ணெய் நிறுவனங்கள் அதைக் குறைத்தன? கேட்டலிடிக் கன்வர்ட்டருக்காக. என்ஜின் எரிக்கும் சிறிதளவு எண்ணெயிலிருந்து பாஸ்பரஸ் போய்க் கன்வர்ட்டருக்குள் படிந்து அதைக் கெடுக்கிறது. 2004-இல் வந்த ‘எஸ்எம்’ தரத்திலிருந்து, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரக எண்ணெய்களில் பாஸ்பரஸ் 0.08 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பு. பின்னால் வந்த எஸ்என், எஸ்பி தரங்களுக்கும் அதே வரம்புதான். இதில் யாரையும் குறைசொல்ல முடியாது. இன்றைய கார்களில் பெரும்பாலும் கேமைத் தொடுவது ரோலர், அல்லது ஸ்பிரிங் இலகுவானது. அவற்றுக்கு அந்த அளவு தாராளமாகப் போதும். தாத்தா காலத்து என்ஜினில் ஹை கேமைப் போட்டுவிட்டு நாம்தான் தப்பான டின்னைத் தூக்குகிறோம்.

இந்த வரம்பு 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ரகங்களுக்குக் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. லோரி எண்ணெயிலும் அப்படித்தான். சிஐ-4 தரத்தில் பாஸ்பரசுக்கு உச்சவரம்பே இல்லை. பின்னால் வந்த சிஜே-4, சிகே-4 தரங்களில் 0.12 விழுக்காடு வரை அனுமதி. அதாவது அப்பா எடுத்துக் கொடுத்த டின் சரியான டின்தான். அவர் சொன்ன காரணம்தான் வேறு. கெட்டியாக இருப்பது பேரிங்குக்கு உதவும். கேம் மேட்டைக் காப்பது அதிலிருந்த சிங்க். எனக்குக் காரணமும் தெரியவில்லை, பதிலும் தெரியவில்லை. சிரிக்க மட்டும் தெரிந்திருந்தது.

என் தவறு எண்ணெயோடு நிற்கவில்லை. பழைய டேப்பட்டுகள் பளபளப்பாக இருந்ததால் புதுக் கேமோடு அவற்றையே மறுபடியும் போட்டேன். அது கூடவே கூடாது. பழைய டேப்பட் பழைய மேட்டோடு பழகித் தேய்ந்தது. புதுக் கேமுக்குப் புது டேப்பட் எட்டும் வாங்கியே ஆகவேண்டும். அடுத்தது அந்த ஐடில். இந்த மாதிரி என்ஜினில் கேமின் மேடுகளுக்குப் பெரும்பாலும் கிராங்க் சுழன்று வாரியடிக்கும் எண்ணெய்தான் போய்ச் சேர்கிறது. ஐடிலில் அது சொட்டுச் சொட்டாகத்தான் வரும். புதுக் கேமின் முதல் கால் மணி நேரத்தில் அதைப் பட்டினி போட்டுவிட்டேன்.

தைப்பிங் தம்பிக்குப் போனில் சொன்னதை மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். வாங்கிய சிந்தெட்டிக்கை வீணாக்க வேண்டாம், வீட்டில் புதுக் கார் இருந்து அதன் கையேடு அந்த ரகத்தைச் சொன்னால் அதற்கு ஊற்றுங்கள். 120ஒய்க்கு மினரல் 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50. நான்கு லிட்டர் டின் ஒன்றே போதும். டின்னின்மேல் வெடித்துச் சிதறும் நட்சத்திரம்போல ஒரு வட்ட முத்திரை இருந்தால், அது நான் சொன்ன 0.08 வரம்புக்கு உட்பட்ட எண்ணெய், வைத்துவிட்டு வாருங்கள். சிங்க் அளவைப் பெரும்பாலும் டின்னில் போடமாட்டார்கள். எண்ணெயின் தகவல் தாளில் பாஸ்பரஸ் 0.10 முதல் 0.12 விழுக்காடு என்று இருக்கிறதா பாருங்கள். ‘டபிள்யூ’வுக்கு முன்னால் இருக்கும் எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். அது குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு. தைப்பிங்கில் மழைதான் அதிகம், பனி இல்லை.

சின்னப் பாட்டிலில் விற்கும் சிங்க் சேர்மானத்தை ஊற்றலாமா என்றும் கேட்டார். சரியான எண்ணெய் கிடைக்கும்போது அது தேவையில்லை. எண்ணெயில் பல சேர்மானங்களை அளவு பார்த்துக் கலந்திருக்கிறார்கள். நாம் ஒன்றை மட்டும் கூட்டினால் அந்தக் கணக்கு கெடும். சிங்க் அளவுக்கு மீறினாலும் இரும்பை அரிக்கும்.

கேமின் மேடுகளிலும் டேப்பட்டுகளின் அடியிலும் மோலி கலந்த அசெம்பிளி பேஸ்டைத் தாராளமாகத் தடவுங்கள். ஸ்பிரிங் இரட்டையாக இருந்தால் உள் ஸ்பிரிங்கை முதல் ஓட்டத்துக்கு மட்டும் கழற்றி வையுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் நிறையட்டும், இக்னிஷன் டைமிங் சரியாக இருக்கட்டும், கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கட்டும். சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்க வேண்டும். பிடித்ததும் நேராக 2,000 சுற்றுக்கு ஏற்றுங்கள். 2,000-க்கும் 2,500-க்கும் இடையில் ஏற்றி இறக்கி, 20 முதல் 30 நிமிடம். ஐடிலுக்கு விடவே கூடாது. தண்ணீர் ஒழுகினாலோ சூடு ஏறினாலோ அணைத்துவிடுங்கள். சரிசெய்துவிட்டு மறுபடியும் நேராக அதே சுற்று. அண்டை வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் இரண்டாவது கேம் போட்டபோது மாக்சிக்குக்கு ஒரு தட்டு வடை கொண்டுபோய்க் கொடுத்தேன். அரை மணி நேரமும் வேலியருகே நின்று வேடிக்கை பார்த்தார்.

அந்த ஓட்டம் முடிந்ததும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். காசு போகிறதே என்று பார்க்காதீர்கள். அதன் பிறகு 3,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றினால் போதும். ஹை கேம் போட்ட கார்புரேட்டர் என்ஜின் ஐடிலில் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து எண்ணெயில் கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். கார்புரேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மைவி, சாகா என்று புதுக் கார் வைத்திருக்கும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு லோரி எண்ணெய் வாங்க ஓடாதீர்கள். உங்கள் காருக்குக் கையேட்டில் போட்டிருப்பதுதான். பழைய புரோட்டோன் என்ஜினில் ஹை கேம் போட்டவர்கள், ராக்கர் நேரடியாக உரசும் வகையா, ரோலர் வகையா என்று போமனிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ரோலர் என்றால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

எங்கள் 120ஒய் இன்னும் ஓடுகிறது. இரண்டாவது தடவை எண்ணெயை அப்பாவே ஊற்றினார். “எதுக்குப்பா சிரிக்கிறீங்க?” என்று கேட்டேன். “நான் எங்கடா சிரிச்சேன்” என்றார்.

தைப்பிங் தம்பி, முதல் ஓட்டம் முடிந்து கழற்றும் ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெட்டி, உள்ளே இருக்கும் தாளை விரித்துப் படம் எடுத்து அனுப்புங்கள். சாம்பல் நிறப் பசையாக இருந்தால் அது பேஸ்ட், பயமில்லை. மின்னும் துகள்கள் இருந்தால் காரை எடுக்காதீர்கள். எட்டு வால்வின் இடைவெளியையும் அளந்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்.