தீர்ந்தது எப்படி?

2001 ஆகஸ்டில், டொராண்டோவிலிருந்து லிஸ்பன் சென்ற ஏர் டிரான்ஸாட் விமானம் அட்லாண்டிக்கின் மேலே எரிபொருள் அடியோடு தீர்ந்து, இரண்டு எஞ்சினும் அணைந்து, சுமார் 19 நிமிஷம் காற்றிலேயே சறுக்கி வந்து அஸோர்ஸ் தீவில் இறங்கிற்று. 306 பேரும் பிழைத்தார்கள். உலகம் விமானியைத் தலைமேல் வைத்துக் கூத்தாடிற்று.

ஆடட்டும். இறக்கியது அபார சாமர்த்தியம்தான். கதை எழுதிப் பிழைக்கும் எனக்கும் வீரன் வேண்டியவனே. ஆனால், எரிபொருள் ஏன் தீர்ந்தது என்று கேட்டால் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. "பிழைத்தது போதாதா?" என்கிறார்கள். போதாது, ஐயா!

பணிமனையில் பொருந்தாத குழாய்களைப் பூட்டியனுப்பினார்கள். அவை உரசி, வலது எஞ்சினின் எரிபொருள் குழாய் விரிந்துவிட்டது. வலப்பக்கம் குறைகிறதென்று கண்ட விமானிகள், இடப்பக்கத்து எரிபொருளும் அங்கே போகும்படி குறுக்கு வால்வைத் திறந்தார்கள். ஓட்டைக் குடத்துக்கு நல்ல குடத்துத் தண்ணீரையும் வார்த்த கதை! கசிவென்று சந்தேகம் வந்தால் திறக்காதே என்ற எச்சரிக்கை கைப்புத்தகத்தில் அச்சாகியே இருந்தது. அதைப் பிரிக்காமல் ஞாபகத்திலிருந்தே செய்தார்கள். கசிவு என்று எந்த மணியும் அடிக்கவில்லை, வாஸ்தவம். ஏற்றியது எவ்வளவு, எரிந்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு? பால்காரனிடம் நம் வீட்டுப் பெண்கள் தினமும் கேட்கிற கணக்குத்தானே இது!

வால்வை மூடி, வலது எஞ்சினை நிறுத்தியிருந்தால், இடது எஞ்சினைக் கொண்டே அதே தீவில் இறங்கியிருக்கலாம். அப்போது எந்தப் பத்திரிகை அந்த விமானியின் படத்தைப் போட்டிருக்கும்?