அஞ்ச வைப்பவர் யார்?

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் அரண்டவனை எண்ணி நாம் சிரிக்கிறோம். அவனை அரள வைத்தவர் யார் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? இக்கேள்வியை என் உள்ளத்தில் எழுப்பியது பழைய அமெரிக்கத் திகில் படம் ஒன்று. 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்' என்பது அதன் பெயர். பேய்க் குன்றின் மேல் உள்ள வீடு என்று பொருள் கொள்ளலாம்.

1959ஆம் ஆண்டு வில்லியம் காசில் என்பவர் இயக்கி வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் படம் இது. 75 நிமிடங்களே ஓடும். ஒரே வீடு, ஒரே இரவு, விரல்விட்டு எண்ணக்கூடிய நடிகர்கள் என்று மிகக் குறைந்த செலவில் எடுத்திருக்கிறார்கள். லோரன் என்ற கோடீசுவரர் ஐந்து பேரைத் தம் விருந்துக்கு அழைக்கிறார். இரவு முழுவதும் அவ்வீட்டில் தங்குபவருக்கு ஆளுக்கு 10,000 டாலர் பரிசு. நள்ளிரவில் கதவுகள் பூட்டப்படும். அதன்பின் விடியும்வரை யாரும் வெளியேற முடியாது. ஏற்கெனவே ஏழு கொலைகள் நடந்த வீடு அது. போதாக்குறைக்கு, வந்தவர்களுக்குச் சிறு சவப்பெட்டிகளில் வைத்துக் கைத்துப்பாக்கி வேறு வழங்கப்படுகிறது!

அந்த ஐவருள் ஒருத்தி நோரா. லோரனின் நிறுவனங்களுள் ஒன்றில் வேலை பார்க்கும் இளம்பெண். அவள் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது. பணத்தேவைதான் அவளை அவ்வீட்டுக்கு அழைத்து வருகிறது.

இப்படத்தைப் பற்றிப் பார்த்தவர்கள் சொல்லும் கருத்துகள் பலவிதம். விடுமுறையில் எங்கள் வீட்டில் எல்லாரும் அமர்ந்து பார்த்தபோதே மூன்று கட்சிகள் பிறந்துவிட்டன.

"எலும்புக்கூடு வெறும் பொம்மை என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். இதற்கா பயப்படுவது?" என்று சிரித்தான் என் அண்ணன். "பேய்ப் படம் என்று உட்கார வைத்துவிட்டு, கடைசியில் பேயே இல்லை என்கிறார்களே!" என்று குறைப்பட்டார் என் சித்தி. "படிக்கிற பிள்ளைகள் பார்க்கிற படமா இது? இரவில் தூக்கம் வருமா?" என்று கடிந்துகொண்டார் பாட்டி.

மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. பொம்மை பொம்மைதான். தானாக நெளிந்து வந்து நோராவின் கால்களைச் சுற்றும் கயிற்றுக்குப் படம் முடியும்வரை சரியான விளக்கமும் இல்லை. கோரமான காட்சிகள் இருப்பதால் சிறு குழந்தைகளுக்கு ஏற்ற படமும் அன்று. ஆயினும் இம்மூன்றையும் தாண்டி, நம்மைப் போன்ற மாணவியர் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் அடங்கியிருக்கிறது என்பதே என் கருத்து.

கதையின் முடிச்சு இதுதான். நோராவைத் துரத்துவது பேயன்று. லோரனின் மனைவி அனபெல்லும், விருந்தினருள் ஒருவரான மனநல மருத்துவர் டிரென்டும் சேர்ந்து செய்த சூழ்ச்சி. நோராவைப் பயத்தின் எல்லைக்கே விரட்டி, அவள் கையில் இருக்கும் துப்பாக்கியாலேயே லோரனைச் சுட வைப்பது அவர்கள் திட்டம். கொலை நடக்க வேண்டும், பழி நோராவின் மேல் விழ வேண்டும். அந்த மருத்துவரே அவளைப் பார்த்து, இது உன் மனக்கோளாறு என்கிற பாங்கில் பேசுகிறார்! பயத்தை உண்டாக்கியவரே, பயப்படுவதற்காக அவளைக் குறை கூறும் கொடுமையை என்னென்பது!

நோரா ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டாள்? அவள் கோழை என்பதாலா? இல்லை. அவள் எளியவள், அங்கு அவளுக்கு உற்றார் யாருமில்லை, அவள் சொல்லை எளிதில் தள்ளிவிடலாம். பயமுறுத்துகிறவர்கள் எப்போதும் இப்படிப்பட்டவரைத்தான் தேடுகிறார்கள்.

இனி எலும்புக்கூட்டுக்கு வருவோம். சூழ்ச்சியை அறிந்த லோரன், தம் மனைவியை அதே பயத்தால் வீழ்த்துகிறார். அமிலத் தொட்டியிலிருந்து எழுந்து அவளை நோக்கி நடந்து வரும் எலும்புக்கூட்டைக் கயிறுகளால் ஆட்டுவிப்பவர் அவரே. படம் ஓடிய அமெரிக்கத் திரையரங்குகளிலும் இதே விளையாட்டு நடந்தது. திரையில் எலும்புக்கூடு எழும் வேளையில், பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று கம்பியில் தொங்கியபடி மக்கள் தலைக்கு மேலே பறந்து வருமாம். 'எமெர்கோ' என்று இதற்குப் பெயரும் சூட்டினார் காசில். செய்தி பரவியதும் என்ன நடந்தது தெரியுமா? சிறுவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து, கையில் கிடைத்ததையெல்லாம் அதன் மேல் எறிந்து மகிழ்ந்தார்கள்! எலும்புக்கூடு மாறவில்லை. அதைத் தாங்கும் கம்பி அவர்கள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவே. கம்பி தெரிந்த இடத்தில் பயம் நிற்பதில்லை.

1999இல் இதே பெயரில் மீண்டும் படமெடுத்தவர்கள், பரிசுத் தொகையைப் பத்து லட்சம் டாலராக உயர்த்தியதோடு, வீட்டிலும் உண்மைப் பேய்களையே குடியேற்றிவிட்டார்கள். என் சித்தியைப் போன்றவர்களின் மனக்குறை அதில் தீர்ந்திருக்கலாம். எனக்கோ பழைய படமே உயர்ந்ததாகத் தோன்றுகிறது. பேய்க்குக் காரணம் கேட்க முடியாது. மனிதர் செய்யும் சூதுக்குக் காரணம் கேட்கலாம், தடுக்கலாம்.

அன்புத் தோழியரே! நாம் யாரும் பேய் வீட்டில் பூட்டப்படப் போவதில்லை. ஆனால் 'வெளியே சொன்னால் உனக்குத்தான் கெட்ட பெயர்', 'நீ சொன்னால் யார் நம்புவார்கள்' என்று மிரட்டும் குரல்களைப் பேருந்திலும் தெருவிலும் தொலைபேசியிலும் கேட்க நேர்ந்த பெண்கள் நம் ஊரிலும் உண்டு. அத்தகைய வேளையில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: நான் பயப்படுவதால் யாருக்கு லாபம்? விடை கிடைத்துவிட்டால் கம்பி தெரிந்துவிடும். அப்போது தனியாக நின்று போராட வேண்டுவதில்லை. அம்மாவிடமோ, அப்பாவிடமோ, நம் அருட்சகோதரியரிடமோ ஓடிச் சென்று சொல்லிவிட வேண்டும்.

பெற்றோருக்கும் பெரியோருக்கும் பணிவான வேண்டுகோள் ஒன்று. பிள்ளைகள் 'பயமாயிருக்கிறது' என்று வந்து நிற்கும்போது, 'சினிமா பார்த்துக் கெட்டுப் போனாய்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். நோராவின் பேச்சைத் தொடக்கத்திலேயே ஒருவர் நம்பி விசாரித்திருந்தால், அந்தச் சூழ்ச்சி அங்கேயே முறிந்திருக்கும். முதலில் நம்புங்கள், பிறகு விசாரியுங்கள்.

பேய் உண்டா, இல்லையா என்ற வாதம் நெடுங்காலமாக நடந்துவருகிறது, இன்னும் நடக்கட்டும். பயத்தைக் காட்டி நம்மை ஆட்டி வைக்க நினைப்போர் உண்டு என்பதில் மட்டும் ஐயமில்லை. அவர்கள் கையில் இருக்கும் கயிற்றைக் கண்டுகொள்வோம். கண்டதை வாய்விட்டுச் சொல்வோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி