பில்டரும் வெற்றுக் காசோலையும்

பி.காம். படிக்கிறவனுக்கு ஜாவா எதுக்குடா என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். நான் ஜாவாவில் பட்ட ஒரு நஷ்டக் கணக்கையே பதிலாகச் சொல்கிறேன்.

கோவில்பட்டி பக்கத்தில் என் சித்தப்பா சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறார். மருந்து முக்கின குச்சியில் ஈரக்காற்று பட்டால் நமத்துப் போகும். கரிசக்காட்டில் வருஷம் முழுக்க வெயில்தான் என்றாலும், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் குடோனுக்குள் ஈரம் ஏறிவிடும். அதற்காக ஒரு ராஸ்பெர்ரி பையும் சென்சாரும் வாங்கி மாட்டினேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஈரப்பதத்தை அமேசானின் கிளவுட்வாட்சுக்கு அனுப்பும் புரோகிராமும் எழுதினேன். அளவு 70 சதவீதத்தைத் தாண்டினால் சித்தப்பாவுக்கு மெயில் போகும்.

ஆடியில் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. நடுவில் ஒருநாள் புரோகிராமை "அழகாக" திருத்தி எழுதினேன். கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மெயில் வரவே இல்லை. சித்தப்பா குச்சியை உரசிப் பார்த்துத்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார்.

தேடிப் பார்த்ததில், திருத்தும்போது ஒரே ஒரு வரியை விட்டிருந்தேன்.

ஜாவாவுக்கான அமேசான் லைப்ரரியின் இரண்டாம் பதிப்பு 2018-ல் வந்தது. அது முழுக்க பில்டர் முறையில் அமைந்தது. ஒரு அளவீட்டை அனுப்ப 'மெட்ரிக் டேட்டம்' என்ற பொருளைக் கட்ட வேண்டும். பில்டரைக் கூப்பிட்டு பெயர், மதிப்பு, அலகு, நேரம் என்று சங்கிலி போல ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் பில்ட் என்று முடிக்க வேண்டும். அதற்கப்புறம் அந்தப் பொருளை யாரும் மாற்ற முடியாது. முதல் பதிப்பில், உருவாக்கிய பிறகும் மாற்றலாம்.

எங்கள் பாடத்தில் இதற்கு ஒரு உறவு உண்டு, காசோலை. தேதி, பெயர், தொகை எதை முதலில் எழுதினாலும் சரி, கையெழுத்துப் போட்டபின் இஷ்டத்துக்குத் திருத்தக் கூடாது. சம்மதமில்லாமல் முக்கியமான திருத்தம் செய்தால் ஆவணமே செல்லாது என்கிறது 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 87-வது பிரிவு. பில்ட் என்பது அந்தக் கையெழுத்து. இதுவரை பில்டர் முறைக்கு என் முழு ஓட்டு.

சிக்கல் என்னவென்றால், பாதி எழுதாத காசோலையிலும் கையெழுத்துப் போட பில்டர் விடுகிறது. நான் விட்டது அலகு வரி. அலகு சொல்லாமல் வரும் அளவை கிளவுட்வாட்ச் மறுக்காது. ஆனால் சதவீதம் என்று வந்ததோடு சேர்க்காமல் தனிக் கணக்காக வைத்துக்கொள்ளும். நான் வைத்த அலாரமோ சதவீதக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டு, "போதிய தரவு இல்லை" என்று மூன்று நாளும் சும்மா உட்கார்ந்திருந்தது. எங்கேயும் ஒரு பிழைச் செய்தி இல்லை.

ஜோஷுவா பிளாக் 2008-ல் தன் 'எஃபெக்டிவ் ஜாவா' இரண்டாம் பதிப்பில் பில்டரைப் பரிந்துரைத்தபோது, கட்டாயமானவற்றை பில்டரின் வாசலிலேயே வாங்கிவிடச் சொன்னார். மற்றவைதான் பிறகு சங்கிலியில் வரும். மைக்ரோமீட்டர் என்ற இன்னொரு கண்காணிப்பு லைப்ரரி பெயரையாவது அப்படி வாசலில் கேட்கிறது. அமேசானுடையதில் பெயர் சொல்லாமலே பில்ட் ஆகிவிடும். தப்பு என்று சொல்வது சர்வர்தான்.

"மறந்தது நீ, லைப்ரரி என்ன செய்யும்?" என்பீர்கள். பாதி நியாயம். கிளவுட்வாட்சிலேயே அலகு கட்டாயமில்லை. அந்த லைப்ரரியும் சேவையின் விவரப் பட்டியலிலிருந்து தானாக உருவாக்கப்படுவது. என் குடோனுக்கு எது கட்டாயம் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆனால் சங்கிலியில் ஒரு வரி விட்டுப்போனால் படிக்கிறவன் கண்ணிலும் படாது, கம்பைலரும் கேட்காது. பழைய மாதிரி கன்ஸ்ட்ரக்டரில் ஒன்றை விட்டிருந்தால் கம்பைலர் அங்கேயே நிறுத்தியிருக்கும். பில்டர் தரும் வசதிக்கு நாம் கொடுக்கும் விலை இது. பாடம் நடத்துகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

அதனால் இப்போது பில்டரை நேராகக் கூப்பிடுவதில்லை. ஈரப்பதமும் குடோன் பெயரும் மட்டும் வாங்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, அலகை அதற்குள்ளேயே வைத்துவிட்டேன். புரோகிராமில் பில்டரைத் தொடும் ஒரே இடம் அதுதான். செக் புத்தகத்தை வீட்டில் ஒருத்தர் கையில் மட்டும் வைத்துக்கொள்கிற மாதிரி. தரவே வராவிட்டால் அதையும் ஆபத்தாக எடுத்துக்கொள் என்று அலாரத்தையும் மாற்றினேன். இரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரை மணியை ஆடியிலேயே செலவழித்திருந்தால் ஒரு குடோன் சரக்கு பிழைத்திருக்கும்.

நீங்களும் பில்டர் வைத்து எழுதுகிறவர் என்றால், பில்ட்டுக்கு முன்னால் எந்த வரி விட்டுப்போனால் யாருக்கு நஷ்டம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

சித்தப்பா? இப்போதும் தினம் காலையில் ஒரு குச்சியை உரசிப் பார்த்துவிட்டுத்தான் மெயிலைத் திறக்கிறார். :-)