5 லட்சமா, 12 லட்சமா, 40 லட்சமா? ஆன்லைனில் விற்பவர்களுக்கு எதுதான் வரம்பு?

"புது கலெக்‌ஷன் வந்தாச்சு, வேணுங்கறவங்க மெசேஜ் பண்ணுங்க." காலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தால் நான்கில் ஒன்று இப்படித்தான் இருக்கிறது. புடவை, இட்லிப் பொடி, ஹோம்மேட் கேக், ஊல் பொம்மை என்று வீட்டு ஹாலே கடையாகிவிட்டது. பொழுதுபோக்காகத் தொடங்கி, மாதம் பத்தாயிரம், இருபதாயிரம் என்று கைக்கு வரத் தொடங்கியதும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் ஒன்றுதான். "எவ்வளவு வரைக்கும் வரி கட்ட வேண்டாம்?"

பக்கத்து வீட்டில் கேட்டால் 12 லட்சம் என்பார்கள். ஃபேமிலி குரூப்பில் யாராவது 40 லட்சம் என்பார்கள். விற்பனை ஆப்பின் உதவிப் பக்கத்தில் 5 லட்சம் என்று இருக்கும். வேடிக்கை என்னவென்றால், மூன்றுமே சரி. மூன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள், அவ்வளவுதான்.

முதலில் 40 லட்சம். இது ஜிஎஸ்டிக்கானது. தமிழ்நாட்டில் பொருட்களை மட்டும் விற்பவரின் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2019 ஏப்ரல் முதல் இதுதான் வரம்பு. இங்கே பார்க்கப்படுவது லாபம் இல்லை, விற்ற தொகை. ஒரே பான் எண்ணில் எத்தனை ஆப்பில் விற்றாலும், வாட்ஸ்அப்பில் விற்றாலும், வீட்டு வாசலில் விற்றாலும் எல்லாவற்றையும் கூட்டித்தான் கணக்கு.

வீட்டிலிருந்து விற்பவர்களில் 40 லட்சத்தைத் தொடுபவர்கள் குறைவு. அதனால் "நமக்கு ஜிஎஸ்டி எல்லாம் கிடையாது" என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். இங்கேதான் சிக்கல். அந்த 40 லட்சம், சொந்த மாநிலத்துக்குள்ளேயே விற்பவர்களுக்கு மட்டும்தான். வரி உள்ள ஒரு பொருளை மாநில எல்லை தாண்டி விற்றால் வரம்பு என்பதே கிடையாது. முதல் பார்சலிலிருந்தே பதிவு தேவை.

கடலூரில் இருக்கும் ஓர் அக்கா சுங்குடிப் புடவை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 30,000 ரூபாய் வியாபாரம். கன்னியாகுமரி வரை கொரியர் அனுப்பலாம், பிரச்னை இல்லை. ஆனால், கொஞ்ச நேரப் பஸ் பயணத்தில் இருக்கும் பாண்டிச்சேரிக்கு ஒரு புடவை அனுப்பினால், சட்டத்தின் கண்ணில் அது வெளிமாநில விற்பனை. காரைக்காலில் இருப்பவர்கள் நிலைமை இன்னும் பாவம். சுற்றி எந்தப் பக்கம் பார்சல் போட்டாலும் தமிழ்நாடுதான்! போதாக்குறைக்கு, புதுச்சேரிக்குள் விற்பதற்கான வரம்பும் 40 லட்சம் இல்லை, 20 லட்சம்தான். ஓசூரில் இருந்துகொண்டு பெங்களூருக்கு கேக் டெலிவரி செய்பவர்களுக்கும் இதே கதை.

பதிவு செய்யாமல் விற்று, பின்னர் கண்டுபிடிக்கப்பட்டால் வரியும் வட்டியும் கட்ட வேண்டும். கூடவே 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரித்தொகை, இரண்டில் எது அதிகமோ அவ்வளவு அபராதமும் வரலாம். இருபது, முப்பது பார்சல் அனுப்பியவருக்கு 10,000 என்பது அந்த வருட லாபத்தையே விழுங்கிவிடும்.

அப்படியென்றால் பாட்டி போட்ட அப்பளத்தைக்கூட பெங்களூருக்கு அனுப்பக் கூடாதா? தாராளமாக அனுப்பலாம். அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரிவிலக்கு உள்ள பொருட்களை மட்டுமே விற்பவர்கள் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால், அப்பளக் கட்டோடு சாம்பார் பொடி பாக்கெட்டையும் சேர்த்து விற்கத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும். சாம்பார் பொடிக்கு 5 சதவிகிதம் வரி உண்டு.

அரசு பட்டியலிட்டிருக்கும் கைவினைப் பொருட்களுக்கும் ஒரு சலுகை இருக்கிறது. தஞ்சாவூர் ஓவியம் போன்றவற்றைச் செய்து நேரடியாக விற்பவர்கள், 20 லட்சம் வரை பதிவு இல்லாமல் வெளிமாநிலத்துக்கும் அனுப்பலாம். பான் கார்டும் இ-வே பில்லும் அவசியம். ஆன்லைனில் டியூஷன் எடுப்பது, டிசைன் செய்து கொடுப்பது போன்ற சேவைகளுக்கும் வரம்பு 20 லட்சம்தான். அவர்கள் வேறு மாநிலத்தவருக்குச் செய்தாலும் இந்த வரம்பு மாறாது. பாட்டு வகுப்பு எல்லை தாண்டலாம், பட்டுப்புடவை தாண்டக் கூடாது. விநோதம்தான், ஆனால் விதி இப்படி.

ஆப்பில் விற்பவர்கள் என்ன செய்வது?

முன்பெல்லாம் விற்பனை ஆப்களில் ஒரே ஒரு பொருள் விற்கக்கூட ஜிஎஸ்டி எண் கேட்பார்கள். 2023 அக்டோபர் 1 முதல் இது தளர்த்தப்பட்டது. மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்கள், வரம்புக்குக் கீழே இருந்தால், ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே ஆப்பில் விற்கலாம். அதற்கு ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்து, 'என்ரோல்மென்ட்' எண் ஒன்றை வாங்கி, ஆப்பில் பதிய வேண்டும். இப்படிச் சேர்ந்தவர்களின் பொருள் வெளிமாநிலத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது ஆப் நிறுவனத்தின் பொறுப்பு. நீங்கள் விற்ற விவரத்தையும் அந்த நிறுவனமே அரசுக்குச் சொல்லிவிடும். ஆக, எல்லை தாண்டும் தவறு அதிகம் நடக்க வாய்ப்புள்ள இடம் ஆப் இல்லை. கேட்பாரில்லாத வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆர்டர்கள்தான்.

அடுத்தது 5 லட்சம். இது வருமான வரித் துறையின் டிடிஎஸ் பற்றியது. ஆப் மூலம் விற்றால், உங்களுக்குத் தர வேண்டிய பணத்தில் அந்த நிறுவனம் 0.1 சதவிகிதம் பிடித்துக்கொள்ளும். முன்பு 1 சதவிகிதமாக இருந்தது, 2024 அக்டோபரில் குறைந்தது. தனிநபர் ஒருவர் ஆப்பில் விற்பது ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் இருந்து, பான் அல்லது ஆதார் எண்ணைக் கொடுத்திருந்தால், இந்தப் பிடித்தமும் கிடையாது. 3 லட்சம் ரூபாய்க்கு விற்றவருக்கு ஒரு பைசா போகாது. அதே நபர் எண்ணைக் கொடுக்காமல் விட்டால் 5 சதவிகிதம், அதாவது 15,000 ரூபாய் போய்விடும். ஒரு பத்து இலக்க எண்ணை டைப் செய்யச் சோம்பல்பட்டதற்கு இது ரொம்ப அதிகம்.

மூன்றாவது 12 லட்சம். இங்கேதான் கணக்கு லாபத்துக்கு மாறுகிறது. 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை உள்ளவர்களுக்கு வருமான வரி இல்லை. ஆனால், வரி இல்லை என்பதும் ரிட்டர்ன் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும்.

ஓர் இல்லத்தரசி ஆண்டுக்கு 9 லட்சம் ரூபாய்க்குப் புடவை விற்கிறார், பணம் முழுக்க வங்கி வழியாகவே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறு வியாபாரிகளுக்கான உத்தேச வருமான முறையில், அதில் குறைந்தது 6 சதவிகிதத்தை லாபமாகக் காட்டினால் போதும். அதாவது 54,000 ரூபாய். ரொக்கமாக வாங்கியிருந்தால் 8 சதவிகிதம். உண்மையான லாபம் அதைவிட அதிகம் என்றால் அந்த உண்மையான தொகையைத்தான் காட்ட வேண்டும். வேறு வருமானம் இல்லாத அவருக்கு இதில் வரி எதுவும் வராது. ஆப்பில் டிடிஎஸ் பிடித்திருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து அதையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதியில் கேக் விற்பவர்களுக்குக் கதை வேறு. அந்த லாபம் சம்பளத்தோடு சேரும். வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவமும் இவர்களுக்குச் செல்லாது. அதில் வியாபார வருமானத்துக்கு இடமே இல்லை. உத்தேச முறையில் காட்டுபவர்களுக்கு ஐடிஆர்-4.

பணம் யார் கணக்கில் வருகிறது?

பல வீடுகளில் வியாபாரம் செய்வது மனைவி, ஜிபே நம்பர் கணவருடையது. அல்லது அம்மா பொடி அரைக்கிறார், ஆப்பில் இருப்பது மகளின் பான். பேப்பரில் பார்த்தால் அந்த வியாபாரம் கணவருடையது, மகளுடையது. டிடிஎஸ் பிடித்தாலும் மகளின் வரிக் கணக்கில்தான் ஏறும். நாளைக்கு அவர் வேலை பார்க்கும் சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டு கேள்வி வரும். யார் விற்கிறார்களோ அவர் பெயரிலேயே பான், வங்கிக் கணக்கு, க்யூஆர் கோடு எல்லாம் இருப்பதுதான் நல்லது. அம்மாவுக்கு முதன்முறையாகச் சொந்தமாக ஒரு வரவு-செலவு இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

அந்தக் கணக்கும் வியாபாரத்துக்கு மட்டும் என்று தனியாக இருக்கட்டும். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கலாம். பெங்களூரில் பல கடைகளில் க்யூஆர் கோடைக் கிழித்துவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்தார்கள். காய்கறி விற்பவர்களுக்கும் நோட்டீஸ் போனது. ஃப்ரெஷ் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! எதிர்ப்பு கிளம்பிய பிறகே அரசு இறங்கி வந்தது. சீட்டுப் பணம், அண்ணன் அனுப்பிய கைமாற்று, புடவை விற்ற காசு எல்லாம் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால், எது விற்பனை, எது இல்லை என்று பிரித்துக் காட்ட வேண்டிய பாரம் உங்கள் தலையில்தான் விழும்.

சரி, வீட்டில் இருந்த பழைய கட்டிலையும் சைக்கிளையும் ஆன்லைனில் விற்றால்? பயப்பட வேண்டாம். சொந்த உபயோகப் பொருளை எப்போதோ விற்பது வியாபாரம் ஆகாது. அதற்கு வருமான வரியும் இல்லை, ஜிஎஸ்டியும் இல்லை. நகை, ஓவியம், சிற்பம் போன்றவை மட்டும் இதில் சேராது. அவற்றை விற்று லாபம் வந்தால் மூலதன ஆதாய வரி உண்டு. பழைய போன்களை வாங்கி வாங்கி விற்பவரும், 'இது என் பழைய போன்' என்று சொல்லித் தப்ப முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, எதற்கு வம்பு என்று உடனே ஜிஎஸ்டி எண் வாங்கக் கிளம்பிவிடவும் வேண்டாம். மாநிலத்துக்குள் மட்டும் கொஞ்சமாக விற்பவருக்கு அது தேவையில்லாத சுமை. எண் வாங்கிவிட்டால் முதல் ரூபாயிலிருந்தே வரி கணக்கிட வேண்டும். ஒன்றுமே விற்காத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், மறந்தால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். வெளிமாநில ஆர்டர்கள் நிஜமாகவே வருகிறதா என்று பார்த்து, வந்தால் முதல் பார்சலை அனுப்பும் முன் பதிவு செய்யலாம். உள்ளூர் வியாபாரமே 40 லட்சத்தைத் தாண்டிவிட்டால், தாண்டிய நாளிலிருந்து 30 நாட்கள் அவகாசம் இருக்கிறது.